மலைநாட்டுக் குவளைகள்

ஒரு பானத்தின் வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் அதன் சுவையையும் பிறப்பிடத்தையுமே கேட்டறிவர். அப்பானம் எந்தக் கலத்தில் ஊற்றப்பட்டது, அக்கலம் யார் கையில் இருந்தது என்று வினவுவோர் சிலரே. ஆயினும் கலத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. யவனர் மரக்கலத்தில் கொண்டுவந்த நறுந்தேறலைப் பொற்கலத்தில் ஏந்தி மகளிர் பாண்டியன் நன்மாறனுக்கு ஊட்டிய செய்தியை நக்கீரர் புறநானூற்றில் பாடினார். அதே காலத்தில் பாணர் கையில் இருந்தது மண்டை என்னும் எளிய கலமே. பொன்னா மண்ணா என்ற வேறுபாடு கள்ளின் சுவையை மாற்றுவதில்லை; குடிப்பவரின் நிலையையே அது கூறும். இந்த உண்மையை அண்மைக் காலத்து வரலாறு ஒன்றில் கண்டு தெளிய விரும்புவோர், இலங்கையின் மத்திய மலைநாட்டில் பியர்க் குவளைகள் வந்து சேர்ந்த கதையை நோக்குதல் தகும்.

நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேல் 6,000 அடிக்கும் அதிகமான உயரத்தில் உள்ள ஊர். காய்ச்சலால் மெலிந்திருந்த சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர், உடல் தேறுவதற்காக அங்கு சென்றார். அவ்வூரின் குளிர் அவருக்குத் தம் தாயகத்தை நினைவூட்டியது. 1848ஆம் ஆண்டில் குடும்பத்தாரையும் தொழிலாளர் சிலரையும் கால்நடைகளையும் கருவிகளையும் கப்பலேற்றிக் கொண்டுவந்து, அம்மலையிலே ஓர் ஆங்கிலச் சிற்றூரை உண்டாக்க அவர் முயன்றார். பிற்காலத்தில் நைல் நதியின் ஊற்றுக்களைத் தேடிச் சென்று புகழ்பெற்ற பேக்கரும் இவரே. ஆங்கிலச் சிற்றூர் என்றால் பண்ணை வேண்டும், கோயில் வேண்டும், பியரும் வேண்டும். மலைநாட்டில் பியர் வடிக்கும் வழக்கம் 1849ஆம் ஆண்டளவில் பேக்கரின் குடியிருப்பிலேயே தொடங்கிற்று என்பது வழிவழியாகக் கூறப்படும் செய்தி. அது விற்பனைக்குரிய ஆலைத் தொழிலாக உருப்பெற்றது 1881ஆம் ஆண்டில். ‘சிலோன் புருவரி’ என்ற பெயரால் அறியப்பட்ட அந்த ஆலையின் வழிவந்ததே இன்று சிங்கச் சின்னத்துடன் விற்கப்படும் இலங்கைப் பியர்.

ஆலைக்கு நுவரெலியாவைத் தேர்ந்தமைக்குத் தக்க காரணம் உண்டு. வாற்கோதுமையை முளைகட்டி உலர்த்தி, நீரிலிட்டுக் காய்ச்சி, ஹொப்ஸ் என்னும் கொடியின் பூக்களைச் சேர்த்து, நொதியம் இட்டுப் புளிக்கவிடுவதே பியர் செய்யும் முறை. ஆங்கிலேயரின் ‘ஏல்’ வகைப் பியர் புளிப்பதற்கு ஏறத்தாழ 15 முதல் 20 பாகை வரையான வெப்பம் ஏற்றது. கொழும்பின் வெம்மையிலே, குளிரூட்டும் பொறி வராத காலத்தில், அது கைகூடாத காரியம். நுவரெலியாவிலோ இயற்கையே அந்தக் குளிரை இலவசமாக வழங்கிற்று. பீதுருதாலகாலை மலைச்சாரலிலிருந்து ‘லவர்ஸ் லீப்’ அருவியாக இறங்கும் தெளிந்த நீரும் கிடைத்தது. வாற்கோதுமையும் ஹொப்ஸும் மட்டும் கடல் கடந்து வரவேண்டியிருந்தன.

குடிப்பவர்களும் அங்கேயே இருந்தார்கள். கோப்பித் தோட்டங்களை 1869ஆம் ஆண்டு முதல் இலைநோய் தாக்கி அழித்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் பயிரிட்டுக் காட்டிய தேயிலை, அழிந்த கோப்பியின் இடத்தைப் பிடித்தது. புகையிரதப் பாதை 1884இல் ஹற்றனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியது. தேயிலைப் பெட்டிகளைக் கீழே இறக்கிய வண்டிகள் திரும்பி வரும்போது அரிசி மூட்டைகளையும் இங்கிலாந்துப் பொருள்களையும் ஏற்றி வந்தன. தோட்டங்கள் பெருகப் பெருகத் துரைமாரின் தொகையும் பெருகிற்று. ஒரு தோட்டத்துப் பங்களாவுக்கும் அடுத்த பங்களாவுக்கும் இடையே பல மைல் தூரம். அத்தனிமையைப் போக்கவே மலைநாட்டில் துரைமார் கிளப்புகள் எழுந்தன. 1876இல் நுவரெலியாவில் நிறுவப்பட்ட ஹில் கிளப் அவற்றுள் பெயர்பெற்றது. அத்தகைய கிளப்புகளின் அலுமாரிகளிலேதான் பியர்க் குவளைகள் வரிசை வரிசையாக அமர்ந்தன.

பியர்க் குவளைகளின் வகைகளை இனங்காண்பது கடினமான கலை அன்று. கைபிடி உண்டா, அடியில் காம்பு உண்டா, வாய் விரிந்திருக்கிறதா குறுகியிருக்கிறதா என்ற மூன்று கேள்விகளுக்கு விடை கண்டாலே பெரும்பாலான குவளைகளை வகைப்படுத்திவிடலாம். ஒவ்வொரு விடைக்குப் பின்னும் ஒரு காரணம் இருக்கும்.

காலத்தால் மூத்தது வெள்ளீயக் கலவையால் வார்த்த கைபிடிச் சாடி. இதனை ஆங்கிலேயர் ‘டாங்கர்ட்’ என்பர். ஜெர்மானியர் தம் மண்சாடிகளுக்கு மூடியும் அமைத்தனர். உள்ளிருப்பது கண்ணுக்குத் தெரியாத இத்தகைய கலங்கள், பியர் கலங்கலாக இருந்த காலத்துக்கு ஏற்றவை. இங்கிலாந்தில் கண்ணாடிக்கு விதிக்கப்பட்டிருந்த வரி 1845ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. அதன் பின்னரே கண்ணாடிக் குவளை சாதாரண மக்களின் கைக்கு எட்டிற்று. வெள்ளீயச் சாடியோ விளையாட்டுப் போட்டிகளில் வென்றவரின் பெயர் பொறித்துப் பரிசளிக்கும் பொருளாகப் பெருமை பெற்றது.

அடுத்தது, தடித்த கண்ணாடியாலான கைபிடிக் குவளை. அதன் புறத்தே குழிகள் பதிந்த வடிவம் 1930களில் இங்கிலாந்தில் பரவியது. கைபிடி இருப்பதால் உள்ளங்கையின் சூடு பியருக்கு ஏறாது. கண்ணாடி தடித்திருப்பதால் எளிதில் உடையாது. இதற்கு இணையாகக் கைபிடி இல்லாத நேர்க்குவளையும் வழங்கிற்று. அதன் ஒரு வகையில், விளிம்புக்குச் சற்றுக் கீழே ஒரு புடைப்பு இருக்கும். அது அழகுக்காக அமைந்தது என்று எண்ணுவோர் பலர். உண்மையில், குவளைகளை ஒன்றனுள் ஒன்றாக அடுக்கும்போது இறுகிப் போகாமலும், பக்கத்தில் பக்கமாக வைக்கும்போது விளிம்புகள் மோதிச் சிதையாமலும் காப்பதே அதன் வேலை. ஈரக் கையிலிருந்து குவளை நழுவாமலும் அது தடுக்கும்.

பிலெசென் என்னும் பொகீமிய நகரில் 1842ஆம் ஆண்டு பொன்னிறமான தெளிந்த பியர் ஒன்று வடிக்கப்பட்டது. ‘பில்ஸ்னர்’ என்று உலகெங்கும் பெயர்பெற்ற இவ்வகைக்கு உயர்ந்து மெலிந்த குவளையே பொருத்தம். அடி குறுகி மேலே மெல்ல விரியும் அவ்வடிவம், பியரின் நிறத்தையும் அதனுள் எழும் குமிழிகளின் ஓட்டத்தையும் காட்டும். மேலே நுரையையும் தாங்கும். கோதுமைப் பியருக்கு ஜெர்மானியர் அரை லீற்றர் கொள்ளும் நெடிய குவளையைப் பயன்படுத்துவர். அதன் இடை ஒடுங்கி, மேற்பகுதி அகன்றிருக்கும். அவ்வகைப் பியர் மிகுதியாக நுரைக்கும் என்பதே காரணம். கொலோன் நகரத்தார் 200 மில்லிலீற்றர் மட்டும் கொள்ளும் உருளைக் குவளையை விரும்புவர். மியூனிக் நகரத்தார் ஒரு லீற்றர்க் கைபிடிக் குவளையை விரும்புவர். சிறிய குவளையில் பியர் ஆறுமுன் தீரும். பெரிய குவளை விழாவுக்கு ஏற்றது.

காம்புள்ள கிண்ணமும் வாய் குறுகிய குவளையும் வலிய பியருக்குரியவை. நுவரெலியாவில் வடிக்கப்பட்டுப் பிற நாட்டாராலும் பாராட்டப்பெற்ற கரும்பியராகிய ‘ஸ்டவுட்’ இவ்வகையைச் சேர்ந்தது. வறுத்த தானியத்தின் மணமும் கோப்பியையும் கொக்கோவையும் நினைவூட்டும் கசப்பும் உடையது அது. அதனை விரிந்த வாயுள்ள குவளையில் ஊற்றினால் மணம் விரைவில் பறந்துவிடும். நடுவில் பருத்து வாயில் குறுகிய கிண்ணம் மணத்தைத் தேக்கிவைக்கும். பொன்னிறப் பியரைப் போல் மிகக் குளிர்ந்த நிலையில் அருந்தினால் இதன் மணம் அடங்கிக் கிடக்கும். ஆகவே கிண்ணத்தை உள்ளங்கையில் ஏந்திச் சிறிது வெதுவெதுப்பாக்குவதும் உண்டு. கைபிடிக் குவளையில் குற்றமாகக் கருதப்பட்ட கைச்சூடு, இங்கே குணமாகிவிடுகிறது.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கினால் ஒன்று புலனாகும். குவளையின் வடிவம் பானத்தின் இயல்பிலிருந்தும் கையின் தேவையிலிருந்தும் பிறந்தது. காரணமின்றி வளைந்த வளைவு அதில் இல்லை.

எனினும் மலைநாட்டில் இந்தக் கல்வியை முழுமையாகப் பெற்றிருந்தவர் யார்? ஊற்றித் தரப்பட்டதைக் குடித்தவருக்கு இதனை அறிய வேண்டிய கட்டாயம் இல்லை. எந்தப் பியருக்கு எந்தக் குவளை என்பதை அறிந்து எடுத்து வைக்க வேண்டியவர்கள் பங்களாவில் ‘அப்பு’ என்றும் ‘போய்’ என்றும் அழைக்கப்பட்ட பணியாளரே. பால் ஊற்றிய குவளையைப் பியருக்கு எடுக்கலாகாது. நெய்ப்பசை ஒரு துளி ஒட்டியிருந்தாலும் நுரை நிற்காது சரிந்துவிடும். கழுவிய குவளையை எண்ணெய் பட்ட துணியால் துடைக்கலாகாது. கவிழ்த்து வைத்துத் தானே உலரவிட வேண்டும். ஊற்றும்போது குவளையை முதலில் சாய்த்துப் பிடித்து, பாதி நிரம்பியதும் நிமிர்த்த வேண்டும். தூய குவளையாயின், குடிக்கக் குடிக்க நுரை வளையம் வளையமாக உட்புறத்தில் ஒட்டி நிற்கும். குமிழிகள் பக்கங்களில் கொத்தாக ஒட்டியிருந்தால் குவளை அழுக்கு என்று பொருள். இந்நுட்பங்களை ஏட்டில் அல்லாமல் கைப்பழக்கத்தால் கற்ற பணியாளருள், தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்தோரும் இருந்தனர். அந்தக் குவளைகளை நாள்தோறும் துலக்கிய கைகளுக்கு, அதே மண்டபத்தில் அமர்ந்து அவற்றுள் ஒன்றை ஏந்தும் உரிமை இருக்கவில்லை.

பங்களாவிலிருந்து லயத்துக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதை சிறியதே; கலங்களின் வேறுபாடோ பெரியது. லயத்துக் காம்பிராவில் அருந்தும் சாயத் தேநீர் தகரப் பேணியிலும் சிரட்டையிலும் ஊற்றப்பட்டது. உலகின் மேசைகளுக்கு நல்ல தேயிலை கப்பலேற, அதனைக் கொய்தவர்களின் பேணியில் தூளே கரைந்தது. மாலையில் ஆண்கள் தவறணைக்குச் சென்றால் அங்கே கிடைப்பது கள்ளும் சாராயமும். மலைப்பகுதியில் கித்துள் மரத்திலிருந்தும் கள் இறக்கப்பட்டது. வடக்கே யாழ்ப்பாணத்தில் கள்ளருந்தப் பனையோலையால் மடித்த ‘பிளா’ வழங்கிற்று. அது அன்றன்று செய்து அன்றன்று எறியப்படுவது; கழுவும் வேலையும் இல்லை. வாய்படாமல் அருந்துவதற்கென மூக்கமைத்த மூக்குப்பேணியும் அந்நாட்டுக்கே உரியது. கலத்தின் காரணகாரியத்தை மேல்நாட்டார் மட்டுமே அறிந்திருந்தனர் என்று எண்ணுவது பிழை என்பதற்குப் பிளாவும் மூக்குப்பேணியும் சான்றாகும்.

தவறணையின் வருவாய் ஆட்சியாளரின் கருவூலத்துக்குப் பெரிதும் பயன்பட்டது. நெடுங்காலம் சாராய விற்பனை உரிமையைக் குத்தகைக்கு விட்டு அரசு பணம் ஈட்டியது. பின்னர் 1912ஆம் ஆண்டில் மதுவரிக் கட்டளைச் சட்டம் வந்தது. தவறணைகள் பெருகுமென்று அஞ்சிய மக்கள் தீவெங்கும் மதுவிலக்குக் கூட்டங்கள் நடத்தினர். 1927ஆம் ஆண்டு நவம்பரில் காந்தியடிகள் இலங்கைக்கு வந்தபோது மலைநாட்டுக்கும் சென்று, குடியை விட்டொழிக்கும்படி தோட்டத் தொழிலாளரை வேண்டினார். துரையின் கிளப்பில் பியர் பொழுதுபோக்கு என்று கருதப்பட்டது. தொழிலாளியின் தவறணையில் கள் அவனது ஒழுக்கக்கேடு என்று கண்டிக்கப்பட்டது. ஆனால் குடியினால் வரும் கேடு இரு இடத்தும் ஒன்றே. கூலி குறைந்தவன் வீட்டில் அக்கேடு பசியாக வெளிப்பட்டது. கூலி நிறைந்தவன் வீட்டில் அது மறைந்து நின்றது. வேறுபாடு அவ்வளவே.

அளவையைப் பற்றியும் ஒரு செய்தி கருதத்தக்கது. மதுக்கடைக்காரன் அளவு குறைத்து ஏமாற்றாதிருக்கும் பொருட்டு, இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பியர்க் கலங்களில் அரச முத்திரை பதிக்கும் சட்டம் இயற்றப்பட்டது. 1824ஆம் ஆண்டின் சட்டம் பைண்டு என்னும் அளவை நாடெங்கும் ஒன்றாக்கிற்று. இன்றைய கணக்கில் அது 568 மில்லிலீற்றர். ஓர் ஆங்கிலத் தொழிலாளி தன் குவளையைத் தூக்கிப் பார்த்தால், தனக்குரிய அளவு குறையவில்லை என்பதற்கு அரசின் சாட்சி அதன்மேல் இருக்கும். மலைநாட்டிலோ, நாள் முழுவதும் கொய்த கொழுந்தைக் கூடையோடு சுமந்துவந்து தராசின் முன் நின்ற பெண், கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் இறாத்தல்கள் கழிக்கப்படுவதை வாய்மூடிக் கேட்டுக்கொண்டாள். நிறுத்தவரே குறித்தார், குறித்ததே கணக்கு. அக்கழிவுகளை எதிர்த்துக் கேட்பது பிற்காலத்துத் தொழிற்சங்கங்களின் முக்கியமான கடமைகளுள் ஒன்றாயிற்று. தாயகத்தில் குடிப்பவனின் குவளைக்கு முத்திரை பதித்த அதே பேரரசின் கொடியின் கீழ், உழைப்பவளின் கூடைக்கு அத்தகைய காவல் நெடுநாள் கிட்டவில்லை.

கலத்தின் வேறுபாட்டுக்குக் காரணம் உண்டா இல்லையா என்று சோதிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. பானம் வேறாயின் கலம் வேறாதல் அறிவு. பானம் ஒன்றே ஆயினும் ஆளுக்கு ஆள் கலம் வேறாயின், அது பானத்தைப் பற்றியது அன்று, மனிதரைப் பற்றியது. தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் பலவற்றின் தேநீர்க் கடைகளில், ஒடுக்கப்பட்ட சாதியினர்க்கெனத் தனிக் குவளையை ஒதுக்கிவைத்த ‘இரட்டைக் குவளை’ முறை இத்தகையதே. ஒரே அடுப்பில் கொதித்து ஒரே பாத்திரத்திலிருந்து இறங்கிய தேநீர், ஊற்றப்படும்போது இரண்டாகப் பிரிந்தது. பில்ஸ்னர்க் குவளை ஏன் நெடியது என்று கேட்டால் விடை உண்டு. இரண்டாம் குவளை ஏன் தனியே தொங்குகிறது என்று கேட்டால், சொல்லத்தகுந்த விடை எவரிடமும் இல்லை.

இதற்கு நேர்மாறான ஓர் ஒழுங்கையும் மலைநாட்டுத் தொழிலே உலகுக்குக் காட்டியது. கொழும்பில் 1883ஆம் ஆண்டு தேயிலை ஏலம் தொடங்கியது முதல், தேயிலையின் தரத்தை அறிவது தனி வித்தையாக வளர்ந்தது. சுவைத்துத் தரம் காணும் கூடத்தில் எல்லாத் தேயிலைக்கும் ஒரே அளவான வெண்பீங்கான் கிண்ணம், ஒரே நிறை, ஒரே கொதிநீர், ஊறுவதற்கு ஒரே நேரம். ஹற்றன் பள்ளத்தாக்கின் தேயிலையாயினும் நுவரெலியாவின் தேயிலையாயினும் பெரிய தோட்டமாயினும் சிறிய தோட்டமாயினும் கிண்ணத்தில் வேறுபாடு இல்லை. கலம் ஒன்றானால்தான் உள்ளிருப்பதன் உண்மையான தரம் வெளிப்படும் என்பதே அந்த ஒழுங்கின் அடிப்படை. தேயிலைக்கு அளிக்கப்பட்ட அந்த நீதி, அதனைக் கொய்த மனிதருக்கு அளிக்கப்படுவதற்கு நெடுங்காலம் சென்றது.

காலம் மாறிற்று. 1948இல் இலங்கை சுதந்திரம் பெற்றது; அதே ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தொழிலாளருள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. வெள்ளைத் துரைமாரின் காலம் முடிவுற்றது. ஒருகாலத்தில் அவர்களுக்கு மட்டுமே உரியவையாக இருந்த கிளப்புகளின் கதவுகள் இந்நாட்டவர்க்கும் திறந்தன. பியர் வடிக்கும் தொழிலும் 1990களின் இறுதியில் கொழும்புக்கு அண்மையிலுள்ள பியகமையில் அமைந்த புதிய ஆலைக்கு இடம் பெயர்ந்தது. பொறிகளே குளிரைத் தரும் காலத்தில் மலைக்குளிர் தேவைப்படவில்லை. நாடற்றவராய் எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டில் நிறைவேறியது. சுதந்திரம் பெற்ற நாளிலிருந்து எண்ணினால் அது 55 ஆண்டுக்காலக் காத்திருப்பு.

பழைய வெள்ளீயச் சாடிகளும் குழிபதித்த குவளைகளும் இனி ஆராய்ச்சிக்குரிய பொருள்களே. அவற்றின் வடிவத்தைக் கண்டு வகையைச் சொல்வது ஓர் இனிய அறிவு. அவற்றில் பொறித்த பெயர்களைப் படிப்போர், அவற்றைத் துலக்கி வைத்தவர்களின் பெயர்கள் எங்கும் பொறிக்கப்படவில்லை என்பதையும் நினைத்தல் வேண்டும். குவளையை இனங்காணும் கல்வி அப்போதுதான் நிறைவெய்தும்.